மண்டபத்தக்காவும் முன்வரிசைப் பிள்ளைகளும்

மண்டபத்தக்காவுக்குத் தெரியாத சொந்தம் தமிழ்நாட்டில் கிடையாது. தெரியாவிட்டால் நின்ற இடத்திலேயே உண்டாக்கிவிடுவார். கீரனூரில் எந்த இரண்டு பேரை அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தினாலும், மூன்றாவது நிமிடம் ஒருவர் இன்னொருவருக்கு மாமன் மகன் ஆகியிருப்பார். அவர்களும் அதை நம்பி, ஊருக்குக் கிளம்பும்போது ஒருவரிடம் ஒருவர் சொல்லிக்கொண்டு போவார்கள். இந்தத் திறமையால் என் வீடே ஒருமுறை ஆட்டம் கண்டது.

அவர் ஒரு சின்னக் கல்யாண மண்டபத்துக்கு மேனேஜர். ஐம்பது வயது இருக்கும். இடுப்பில் சாவிக்கொத்து, தலையில் பூ, எந்த நேரமும் யார் வீட்டு விசேஷத்துக்கோ கிளம்பத் தயாராக ஒரு நல்ல சேலை. முதலாளி முதல் பால்காரர் வரை எல்லோருக்கும் அவர் மண்டபத்தக்காதான். முகூர்த்தம் இல்லாத நாட்களில் மண்டபம் சும்மாதானே கிடக்கிறது என்று, வேலைக்குப் போகிற பெண்களின் பிள்ளைகளைப் பகலில் அங்கே வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் அவரிடம் போய்ச் சேர்ந்த கதைக்கு ஒரு முன்கதை உண்டு. எனக்கும் என் கணவருக்கும் குழந்தை இல்லை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து, ஒரு அக்காவையும் தம்பியையும் வீட்டுக்கு அழைத்துவந்தோம். தத்து இல்லை, வளர்ப்புப் பராமரிப்பு. பெற்றவளுக்கு நீண்ட நாள் சிகிச்சை, வேறு நாதி இல்லை. ஒரு வருடத்துக்கு ஆணை தருவார்கள். வருடக் கடைசியில் வந்து பார்த்து, திருப்தி என்றால் நீட்டிப்பார்கள். இல்லையென்றால் பிள்ளைகள் வேறு இடத்துக்குப் போய்விடுவார்கள். அவர்கள் பெயரை வெளியே சொல்லக்கூடாது என்பது விதி. பெரியவள், சின்னவன் என்று வைத்துக்கொள்வோம். வந்தபோது அவளுக்கு ஐந்து வயது, அவனுக்கு இரண்டு.

காலை எட்டு மணிக்கு நான் வடக்கே திருச்சி ஆபீசுக்குப் பஸ் ஏறுவேன். அதே எட்டு மணிக்கு என் கணவர் தெற்கே புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறுவார். நடுவில் பிள்ளைகளை யார் பார்ப்பது? எந்தக் காரியத்தையும் ஒரு வாரத்தில் முடித்துவிடுகிற ஆள் நான். ஒரு வாரம் லீவு போட்டேன்.

முதலில் ஒரு பிளே ஸ்கூல். வரவேற்பில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தபடியே கேட்டாள்.

"இனிஷியல் என்ன மேடம்?"

"இப்போதைக்கு அந்த இடத்த விட்டுருங்க."

"இனிஷியல் இல்லாம சாஃப்ட்வேர் எடுக்காது மேடம்."

அரசாங்கமே எடுத்துக்கொண்ட பிள்ளைகளை அந்த சாஃப்ட்வேர் கடைசிவரை எடுத்துக்கொள்ளவில்லை. அடுத்தது எங்கள் தெருவிலேயே ஒரு அம்மாள், நான் பார்த்துக்கொள்கிறேன் என்று தாமாக முன்வந்தார். அன்று சாயங்காலத்துக்குள் பிள்ளைகளின் பூர்வீகம் தெருமுனை வரைக்கும் தெரிந்துவிட்டது, நடக்காததும் சேர்த்து. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். அங்கன்வாடி நல்ல இடம்தான். ஆனால் அவர்கள் பூட்டிக்கொண்டு போன பிறகு மூன்று மணி நேரம் கழித்துத்தான் என் பஸ் வரும்.

ஏழாம் நாள் பஸ்ஸில் பழக்கமான ஒரு நர்ஸ் வழி சொன்னாள். "மண்டபத்தக்காகிட்ட விடுங்க. எம் பையன் அங்கதான் இருக்கான். என்ன, வீட்டுக்கு வந்து தெனமும் பாயசம் கேப்பான்."

போனேன். பிள்ளைகளின் விவரத்தை எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்திருந்தேன். அக்கா என்னைப் பாதியில் நிறுத்தினார்.

"அது கெடக்கட்டும். சின்னவன் உருளைக்கெழங்கு திம்பானா?"

"திம்பான்."

"அப்ப நாளைக்கே விட்டுட்டுப் போங்க. பஸ்ஸு லேட்டானா மட்டும் போன் பண்ணிருங்க. புள்ளைக வாசலையே பாத்துக்கிட்டு இருக்கும்."

அவ்வளவுதான் நேர்காணல். மறுநாள் காலை மண்டப வாசலில் ஒரு மேசை, அதன்மேல் பன்னீர்ச் செம்பு, சந்தனம், கற்கண்டு. வருகிற ஒவ்வொரு பிள்ளைக்கும் பன்னீர் தெளித்து, "வாங்க, வாங்க, இப்பத்தான் வாரீங்களா, பஸ்ஸுல கூட்டமா?" என்று கையெடுத்துக் கும்பிட்டு உள்ளே அனுப்பினார். இரண்டு வயதுக்குள் மூன்று இடம் மாறி வந்தவன் என் சின்னவன். அவனை அதுவரை யாரும் வாங்க என்று கூப்பிட்டதில்லை. நிமிர்ந்து அவரைப் பார்த்துவிட்டு, இரண்டாவது கற்கண்டுக்குக் கை நீட்டினான்.

உள்ளே எல்லாமே கல்யாண முறைப்படிதான். சாப்பாடு பந்தியில், இலை போட்டு. தானாகச் சாப்பிடுகிறவர்கள் முதல் பந்தி, ஊட்டிவிட வேண்டியவர்கள் இரண்டாம் பந்தி. மத்தியானத் தூக்கம் மணமகள் அறையில். யாரையும் வாய்விட்டுக் கூப்பிடும் வழக்கம் அக்காவுக்குக் கிடையாது. மைக்கில்தான் கூப்பிடுவார். "ஊதாச் சட்டை போட்ட தம்பி எங்கிருந்தாலும் ஒடனே பாத்ரூம் பக்கம் வரவும். அவசரம்." இது பஸ் ஸ்டாண்டு வரை கேட்கும்.

எங்களிடம் வந்து நான்கு மாதம் சின்னவன் வாய் திறக்கவில்லை. டாக்டர் கொஞ்சம் பொறுங்கள் என்றிருந்தார். ஒரு நாள் சாயங்காலம் வீட்டில் தோசைக்கரண்டியை வாய்க்கு நேராகப் பிடித்துக்கொண்டு, தெள்ளத் தெளிவாக, "அலோ, செக், செக்" என்றான். நானும் என் கணவரும் அடுப்பை அணைக்காமல் அழுதோம். தோசை தீய்ந்தது.

முகூர்த்த நாளில் பிள்ளைகளை என்ன செய்கிறார் என்பதை நான் கேட்டுக்கொள்ளவில்லை. அது என் தவறு. ஒரு நாள் ஆபீசில் லீவு சொல்லிவிட்டுப் பதினொரு மணிக்கே திரும்பி வந்தேன். மண்டபத்தில் கெட்டிமேளம். முன்வரிசையில் ஒன்பது பிள்ளைகள், பட்டுப் பாவாடையும் வேட்டியுமாக. அதில் இரண்டு என்னுடையவை.

"என்னக்கா இது?"

"கல்யாணம்."

"அது தெரியிது. எம் புள்ளைங்க ஏன் முன்வரிசையில இருக்குதுங்க?"

"பின்னாடி ஒக்காந்தா சின்னவனுக்குத் தெரியாதுல்ல."

மண்டபம் புக் பண்ண வருகிறவர்களிடம் அவர் முதலிலேயே சொல்லிவிடுவாராம். "ஜெனரேட்டர் இருக்கு. ஏ.சி. ரூம் ரெண்டு இருக்கு. முன்வரிசையில ஒம்போது புள்ளைக இருக்கும். அது ஒங்களது இல்ல, ஆனா ஒங்களதுன்னு நெனச்சுக்கங்க." அம்மாக்களுக்கு முகூர்த்த நாளில் லீவு கிடையாதே, பிள்ளைகள் எங்கே போகும் என்பது அவர் கட்சி.

கல்யாண வீட்டில் சும்மா இருப்பார்களா? யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்பார்கள். என் பெரியவளுக்கு அந்தக் கேள்வி ஆகவே ஆகாது. அரிமளத்தில் எங்கள் உறவில் ஒரு காதுகுத்துக்குப் போனபோது ஒருவர் அதைக் கேட்டுவிட்டார். என் முந்தானைக்குள் புகுந்தவள், அன்று முழுக்கச் சாப்பிடவில்லை. மண்டபத்தக்கா அதற்கும் வழி செய்திருந்தார். பெண் வீட்டார் கேட்டால் மாப்பிள்ளை வீடு. மாப்பிள்ளை வீட்டார் கேட்டால் பெண் வீடு. மேலே குடைந்தால் அக்காவே வந்து, "மாப்ளையோட சித்தப்பா மச்சினன் மக" என்பார். ஒருமுறை ஒரு பெரியம்மாள் என் பெரியவளின் தாடையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "அதான பாத்தேன், எங்க வீட்டு மூக்கு அப்படியே இருக்கு" என்று நெட்டி முறித்தார்.

பிள்ளைக்குப் பொய் பழக்குவது எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அவள் இப்போது யார் கேட்டாலும் தலை நிமிர்ந்து பதில் சொன்னாள், சாப்பிட்டாள். எட்டு மணி பஸ்ஸைப் பிடிக்கிறவளுக்கு இதைவிட நல்ல இடமும் தெரியாது. வாயை மூடிக்கொண்டேன்.

ஆணை முடிய மூன்று வாரம் இருந்தபோது, காலை பத்து மணிக்கு ஆபீசில் போன் வந்தது. குழந்தைகள் பாதுகாப்பு அலுவலகத்தில் எங்கள் பிள்ளைகள் விவரத்தைக் கவனிக்கும் பெண் அதிகாரி. கறாரானவர், நல்லவரும்கூட.

"மேடம், நீங்க ஃபாரத்துல எழுதிக் குடுத்த டேகேர் வாசல்ல நிக்கிறேன். இங்க நாதஸ்வரம் வாசிக்கிறாங்க."

"அங்கயே இருங்க மேடம், வந்துர்றேன்" என்றேன், எல்லாம் என் கைக்குள் இருப்பதுபோல. லீவு சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது அதிகாரி முன்வரிசையில் பிள்ளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். நெற்றியில் சந்தனம், ஒரு கையில் கற்கண்டு, மடியில் ஃபைல். அக்கா அவரை மாப்பிள்ளையின் பெரியம்மா மகள் என்று நான்கு பேருக்கு அறிமுகம் செய்து முடித்திருந்தார். பக்கத்தில் ஒரு முதியவர், "அப்பாவுக்குக் கால் வலி இப்ப எப்படி இருக்கு?" என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

அதிகாரி என்னை ஸ்டோர் ரூமுக்குக் கூட்டிப்போய்த் தன் போனைக் காட்டினார். அவர் நாத்தனார் வைத்திருந்த வாட்ஸப் ஸ்டேட்டஸ். போன மாதம் இதே மண்டபத்தில் நடந்த கல்யாணம். மணப்பெண்ணை ஒட்டி நின்று என் பெரியவள் சிரித்தாள். கீழே "எங்க வீட்டு அழகிகள்" என்று எழுதியிருந்தது.

"இந்தப் புள்ளைங்க முகம் வெளிய வரக்கூடாதுன்னு கையெழுத்துப் போட்டுக் குடுத்தீங்கல்ல?"

"போட்டேன் மேடம்."

"அதவிட, நாளுக்கு ஒரு சொந்தம் சொல்லிக் குடுக்கிறாங்க. ஏற்கெனவே எடம் மாறி மாறி வந்த புள்ள. அது மனசுல என்ன நிக்கும்? நீட்டிக்கலாம்னு நான் எப்படிங்க எழுதுறது?"

அவர் சொன்னதில் ஒரு சொல்கூடத் தப்பில்லை. நான் அரிசி மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் போய்விடுவார்கள் என்பது மட்டும்தான் மண்டைக்குள் ஓடியது.

கதவுக்கு வெளியே எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த அக்கா உள்ளே வந்தார், பின்னாலேயே பெரியவளும். அதிகாரி குனிந்து அவளிடமே கேட்டுவிட்டார்.

"பாப்பா, நீ யாரு வீட்டுப் புள்ள?"

பெரியவள் கொஞ்சமும் அசரவில்லை.

"நீங்க பொண்ணு வீடா, மாப்ள வீடா?"

"ரெண்டும் இல்லம்மா."

அவள் யோசித்தாள். இப்படி ஒரு ஆளை அவள் அந்த மண்டபத்தில் பார்த்ததில்லை. பிறகு அதிகாரியின் விரலைப் பிடித்தாள்.

"அப்ப நீங்களும் எங்கள மாதிரிதான். இங்கிட்டு வாங்க, நம்ம எல்லாம் ஒண்ணா சாப்பிடலாம்."

அதிகாரி ஃபைலைத் திறந்து, எதையோ தேடி, மறுபடி மூடினார். அக்கா விறுவிறுவென்று வெளியே போனார். மைக் கரகரத்தது. "போட்டோ எடுக்கிற தம்பிகளுக்கு ஒரு அறிவிப்பு. முன்வரிசைப் புள்ளைகள இனி யாரும் எடுக்கக் கூடாது. மீறி எடுத்தா பந்தியில எலை கெடையாது." திரும்பி வந்து, "போட்டோ முடிஞ்சுச்சு. முகூர்த்தத்தன்னைக்கு இனிமே மாடி ரூம்ல வச்சுப் பாத்துக்கறேன். அடுத்ததச் சொல்லுங்க" என்றார்.

"சொந்தம்னு பொய் சொல்லக் கூடாது."

அக்கா தலையாட்டினார். "தப்புதான். புள்ள தலையத் தொங்கப் போட்டு நிக்கிறதப் பாக்க முடியலைங்க, அதான். இனிமே கேக்குறவங்களுக்கு என்ன சொல்லட்டும்?"

"உண்மையச் சொல்லுங்க" என்ற அதிகாரி ஒரு படிவத்தை எடுத்தார். பகலில் பராமரிப்பவர் விவரம். பெயர் என்ன என்று கேட்டபோதுதான், ஒரு வருடமாக அது எனக்கே தெரியாது என்பது உறைத்தது. அக்கா சொன்னார். அதை இங்கே எழுதினால் என்னோடு பேசமாட்டார்.

"புள்ளைங்களுக்கு நீங்க என்ன உறவு?"

ஊரில் உள்ள எல்லோருக்கும் சித்தப்பா, மச்சினன் என்று அரை நொடியில் எடுத்துக் கொடுத்தவர், முதல் தடவையாகப் பதில் இல்லாமல் நின்றார். சாவிக்கொத்தை அவிழ்த்தார், மறுபடி செருகினார்.

"காலையில இவங்க விட்டுட்டுப் போவாங்க. சாயங்காலம் வந்து கூட்டிட்டுப் போவாங்க. நடுவுல எம் புள்ளைக. அத என்ன பேரு போட்டு எழுதுவீங்களோ, எழுதிக்கங்க."

அதிகாரி அதற்கு ஒரு பெயரும் போடவில்லை. அவர் சொன்னதையே வரி மாறாமல் அந்தக் கட்டத்துக்குள் சின்னச் சின்ன எழுத்தில் எழுதினார். இரண்டு வாரம் கழித்து ஆணை வந்தது, இன்னும் ஒரு வருடத்துக்கு.

நான் என் வீட்டில் ஒரே பெண். கூடப் பிறந்தவர்கள் உண்டா என்று ஆபீசில் யாராவது கேட்டால், கீரனூரில் ஒரு அக்கா இருக்கிறார் என்றுதான் இப்போதெல்லாம் சொல்கிறேன்.