அப்பா பற்றவைத்த வளையம்

மதிப்புக்குரிய அத்தைக்கு,

இன்று நான் வாய்வரை வந்தும் சொல்லாமல் விழுங்கிய வாக்கியம் இது: "இது எங்கப்பா வச்ச வெல்டிங்." அதைச் சொல்லாத காரணத்தால் இங்கே அப்பாவும் அம்மாவும் நானும் நலம். அங்கே நீங்களும் மாமாவும் மாமாவின் முழங்காலும் நலமாக இருக்க வேண்டுகிறேன். தொலைபேசியில் பேசாமல் எழுதுவதற்கு மன்னியுங்கள். இந்த வீட்டில் முன்னறையில் நான் பேசினால் பின்னறையிலிருந்து அப்பா பதில் சொல்கிறார்.

அப்பா எஞ்சின் டிரைவராக இருக்கும் படகு ஆற்றின் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஆட்களை ஏற்றிப் போவது உங்களுக்குத் தெரியும். போன மாதம் அதன் முதலாளி, எஞ்சினைச் சோதிக்க ஓர் ஆளை அனுப்பும்படி நான் வேலை பார்க்கும் பட்டறையில் கேட்டிருக்கிறார். அதிர்வு அளக்கத் தெரிந்த ஆள் அங்கே நான் ஒருத்திதான். ஆக, அப்பாவின் எஞ்சினுக்கு மகளே போய் நாடி பிடிக்கும்படி ஆயிற்று. இன்று காலை நான் கருவிகளைப் பிரிப்பதற்குள் அப்பா சட்டைப்பையிலிருந்து ஒரு நாணயத்தை எடுத்து, ஓடிக்கொண்டிருந்த எஞ்சினின் தலைமேல் செங்குத்தாக நிற்க வைத்தார். நாணயம் நின்றது. "எங்கம்மா அதிர்வு? கண்ணுல காட்டு பாப்போம்" என்றார். சுக்கான் பிடிப்பவர் மேலிருந்து எட்டிப் பார்த்து, "மெட்ரிக்குலேஷன் படிச்ச எஞ்சின் பாப்பா அது, ஆடாது" என்றார். அவரை எல்லோரும் 'அவசரம்' என்று கூப்பிடுகிறார்கள். பிறந்ததிலிருந்து எதற்குமே அவசரப்படாத மனிதர்.

அத்தை, இதை உங்களுக்கு விளக்கியே ஆக வேண்டும், ஏனென்றால் கடைசியில் உங்களிடம் ஓர் உதவி கேட்கப் போகிறேன். எஞ்சினின் பலத்தைப் படகின் அடியிலுள்ள விசிறிக்குக் கொண்டுபோவது ஓர் இரும்புத் தண்டு. எஞ்சினுக்குள் நெருப்பு பற்றும் ஒவ்வொரு முறையும் அந்தத் தண்டுக்கு ஓர் உதை விழுகிறது. உதை விழுந்ததும் தண்டு, ஈரத்துணியைப் பிழிவதுபோல, ஒரு மயிரிழை முறுக்கிக்கொண்டு திரும்புகிறது. இரும்பா முறுக்கும் என்று கேட்காதீர்கள், அதை அப்பா கேட்டுவிட்டார். முறுக்கும். ஊஞ்சலைச் சரியான நேரத்தில் தள்ளினால் ஏறிக்கொண்டே போகுமல்லவா, அப்படி ஒரு குறிப்பிட்ட வேகத்தில் உதையும் தண்டின் ஆட்டமும் ஒத்துப்போய்விடும். அப்போதும் வெளியே ஒன்றும் தெரியாது. நாணயம் நிற்கும், தேநீர் சிந்தாது, தண்டு மட்டும் உள்ளுக்குள்ளேயே நைந்துகொண்டிருந்து ஒருநாள் சொல்லாமல் கொள்ளாமல் முறியும். நம் குடும்பத்தில் கோபப்படும் முறையும் இதுதான் என்பதால் உங்களுக்குச் சுலபமாக விளங்கியிருக்கும்.

இதற்கு மருந்தாகத்தான் எஞ்சினின் முன்முனையில் ஒரு கனத்த வளையம் மாட்டியிருக்கிறார்கள். வளையத்துக்கும் அதைப் பிடித்திருக்கும் சக்கரத்துக்கும் நடுவே ஒரு ரப்பர் பட்டை. தண்டு துள்ளும்போது வளையம் கூடவே துள்ளாமல் ஒரு கணம் பிந்தும். அந்தப் பிந்தலில் துள்ளலெல்லாம் ரப்பருக்குள் போய்ச் சூடாகி அடங்கிவிடும். கொஞ்சம் ஆடுவதைத் தவிர அந்த வளையத்துக்கு இந்த உலகில் வேறு வேலை கிடையாது.

உங்கள் தம்பியைப் பற்றி உங்களுக்கே நான் எழுதுவது அதிகப்பிரசங்கித்தனம். ஆடுகிற எதையும் அவர் விட்டுவைத்ததில்லை. வாசல் கேட்டின் தாழ்ப்பாள் கடகடக்கிறது என்று பற்றவைத்தார், அம்மா ஒரு வாரம் பக்கத்து வீட்டு வழியாகக் கடைக்குப் போனார். துணி காயப்போடும் கம்பி, குடையின் கைப்பிடி, எல்லாம் அப்படித்தான். நான் இதை எழுதுகிற மேசை மடக்கு மேசையாக வாங்கப்பட்டது. இப்போது அது மேசை மட்டுமே. ஆகவே இன்று காலை, அதிர்வு அளக்கும் கருவியின் வரைபடத்தில் கோடு மலைமாதிரி எழும்பியதைப் பார்த்துவிட்டு எஞ்சினின் முன்மூடியைக் கழற்றி, வளையத்தையும் சக்கரத்தையும் சேர்த்து மூன்று இடத்தில் மீன்செதில்போல வரிசையாக வைத்திருந்த பற்றைப் பார்த்தபோது, எனக்கு யாரும் எதுவும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. அதே செதில் இருக்கும் மேசையில்தான் தினமும் முழங்கை வைத்து எழுதுகிறேன்.

முதலாளி என் தோளுக்குப் பின்னால் குனிந்து பார்த்தார். "இது யாரு பண்ணின வேலை?" என்றார். அப்பா பழந்துணியில் கை துடைத்துக்கொண்டிருந்தார். கையில் அழுக்கே இல்லை. அவசரம் மேற்கூரையைப் பார்த்தார். நான், "யார் பண்ணினாலும் வளையம் கெட்டுப்போச்சு சார், புதுசு போடணும். அது வரைக்கும் இந்த வேகத்துல மட்டும் நிக்கக்கூடாது, சட்டுனு தாண்டிடணும்" என்று சொல்லிவிட்டு, வேகம் காட்டும் முள்ளின் தட்டில், ஆகாத இடத்தைச் சிவப்பு மையால் பட்டையாகத் தீட்டிக் காட்டினேன். நடு ஆற்றில் தண்டு முறிந்தால் படகு நீர் இழுத்த இழுப்புக்குப் போகும், சற்றுக் கீழே பாலத்தின் தூண்கள் இருக்கின்றன என்றும் சொன்னேன். முதலாளி முகம் வெளுத்துப்போய், புது வளையத்துக்குச் சொல்லிவிடுகிறேன் என்று கரையேறினார். நல்லபடியாக முடிந்தது என்று நினைத்து நான் ஒரு தேநீர் குடித்தேன். அதுதான் இன்றைக்கு நான் செய்த பிழை.

ஏனென்றால், அத்தை, அந்தப் படகில் எது எங்கே இருக்க வேண்டுமோ அங்கேயெல்லாம் அப்பா சிவப்பு அடித்து வைத்திருக்கிறார். வால்வின் கைப்பிடி சிவப்புக்கு நேராக இருந்தால் சரி. எண்ணெய் சிவப்புக் கோடுவரை இருந்தால் சரி. கயிற்றைக்கூடச் சிவப்பு அடித்த முளையில்தான் கட்ட வேண்டும். பல வருடமாக அங்கே சிவப்பு என்றால் சரி. மதியம்வரை படகு போய்ப் போய் வந்தது. நான் கருவியை எட்டிப் பார்த்தால் கோடு மலையிலிருந்து இறங்கவே இல்லை. மூச்சிரைக்க மேலே ஏறி, "என்ன வேகத்துல போறீங்க?" என்று கேட்டேன். அவசரம் முள்ளைவிட்டுக் கண்ணை எடுக்காமல், "நீ போட்ட கோட்டுக்குள்ளயேதான் பாப்பா, ஒரு நூல் நகரல. கை வலிக்குது, இருந்தாலும் புடிச்சிருக்கேன்" என்றார். எனக்குக் கோபம்கூட வரவில்லை. படகு நிறைய ஆட்கள், மடியில் பைகளோடு. ஒரு பெண் தன் குழந்தைக்குப் பாலத்தின் தூண்களை எண்ணிக் காட்டிக்கொண்டிருந்தாள். நான் சிவப்பைத் துடைத்துவிட்டு, கரியால் ஒரு பெருக்கல் குறி போட்டேன். "இதையும் புடிக்கணுமா?" என்றார். "தாண்டணும்" என்றேன். "அப்ப இத முதல்லயே கருப்புல போட்டிருக்கணும்" என்று எனக்கு அறிவுரை சொன்னார்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து, அம்மா அடுப்படியில் இருக்கும்போது மெதுவாக ஆரம்பித்தேன். "அப்பா, அந்த வளையம் ஆடறதுக்குத்தான் இருக்கு."

"ஆடறதுக்கு எதுக்கு எஞ்சின்ல வைக்கணும்? பொம்மைக் கடையில வைக்கட்டும்."

"ரப்பர் கருகின வாசனைகூட வந்திருக்குமேப்பா."

"வந்துச்சு. ஜன்னலத் தொறந்துட்டேன்."

"புது வளையம் வருது. அதுவும் ஆடும். தயவுசெஞ்சு அதை ஒண்ணும் பண்ணாதீங்க."

"வரட்டும், பாக்கறேன். கையால அசைச்சுப் பாப்பேன். அசைஞ்சா பத்த வைப்பேன். அசையலைன்னா ஏன் வைக்கப்போறேன், எனக்கென்ன பைத்தியமா?"

அம்மா உள்ளிருந்தபடியே, "உங்கப்பாகிட்ட ஏம்மா வாதாடற, நானே நிறுத்திட்டேனே" என்றார்.

என் நிலைமையைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பற்றவைத்தது யார் என்று முதலாளியிடம் சொன்னால் அப்பாவின் வேலை போய்விடும். அந்த எஞ்சின் அறையை விட்டால் அவர் வீட்டில் இருப்பார், வீட்டில் இருந்தால் ஜன்னல்களைப் பற்றவைப்பார். சொல்லாமல் இருந்தால் புது வளையத்தையும் கட்டிப்போட்டுவிடுவார், பிறகு ஒருநாள் அவர் ஓட்டும் படகிலேயே தண்டு முறியும். அவர் எஞ்சினுக்குப் பக்கத்தில் நாணயத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். நான் படித்த புத்தகம் எதிலும் இதற்கு வழி இல்லை. ஆனால் நீங்கள் "டேய்" என்றால் இன்றைக்கும் அப்பா எழுந்து நிற்கிறார். ஆகவே ஒரே ஒருமுறை அவரைக் கூப்பிட்டு, "டேய், அந்த வளையத்தைத் தொடாதே" என்று மட்டும் சொல்லுங்கள். காரணம் சொல்ல வேண்டாம். காரணம் சொன்னால் வாதாடுவார். நான் எழுதியதாகவும் காட்டிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் ஆசி எனக்கும் அப்பாவுக்கும், முடிந்தால் அந்தத் தண்டுக்கும் வேண்டும். மாமாவுக்கு என் வணக்கம்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மருமகள்

பி.கு.: இதை உறையில் போட்டும் ஒட்டாமல் வைத்திருந்தது நல்லதாயிற்று. மேலே எழுதியதை மறந்துவிடுங்கள், அப்பாவிடம் எதுவும் சொல்ல வேண்டாம். புது வளையத்தை மாட்டுவதற்குப் படகைக் கரையேற்றியபோது தண்டையும் கழற்றிப் பார்க்கச் சொன்னேன். சாயம் தடவித் துடைத்ததும் தண்டின் மேல் சாய்வாக ஒரு கோடு தெரிந்தது. சுண்ணாம்புக்கட்டியை முறுக்கி உடைத்தால் எப்படிச் சாய்ந்து உடையுமோ, அதே சாய்வு. சாயத்தின் நிறம் சிவப்பு. அப்பா குனிந்து நெடுநேரம் பார்த்தார். "இந்தச் சிவப்பு நான் அடிச்சதில்லையே" என்றார். "இல்லப்பா, சாயம் உள்ள எறங்கியிருக்கு, அது விரிசல்" என்றேன். அவர் பழந்துணியைக் கீழே வைத்துவிட்டு முதலாளியிடம் திரும்பி, "வளையத்தப் பத்த வச்சது நான்தாங்க. என் பொண்ணுக்கு அன்னைக்கே தெரியும், அவதான் சொல்லல" என்றார். அவருடைய வேலை போகவில்லை. என்னுடையதும் போகவில்லை. முதலாளி வெல்டிங் மெஷினை அறைக்குள் வைத்துப் பூட்டி, சாவியை என்னிடம் கொடுத்தார். புதுத் தண்டோடும் ஆடுகிற வளையத்தோடும் படகு நேற்றிலிருந்து ஓடுகிறது. உங்களுக்கு இந்த வாரம் அப்பாவிடமிருந்து அழைப்பு வரும். முறுக்கதிர்வு என்றால் என்னவென்று விளக்குவார். முதல்முறை கேட்பதுபோல் கேளுங்கள். பயணிகளுக்கெல்லாம் சொல்லியாகிவிட்டது. நேற்று வேலை முடிந்து வந்தபோது, இந்த மேசையின் காலில் இருந்த பற்றை ரம்பத்தால் அறுத்து எடுத்திருந்தார். மேசை மறுபடியும் மடங்குகிறது. இந்தப் பின்குறிப்பை எழுதும்போதே இரண்டு முறை மடங்கிவிட்டது. கடைசி வரிகளைத் தரையில் உட்கார்ந்து எழுதினேன்.