எந்தச் சமுத்திரம்?

கல்முனையிலிருந்து தாங்கள் புறப்பட்டு ஐந்து மணித்தியாலமாகியும் மாப்பிள்ளை வீட்டாரைக் காணவில்லை.

இங்கினியாகலை அணைக்கட்டில் மீராமுகைதீன் போடியார் குடையோடு நின்றார். அக்கரைப்பற்றுக் காலிதீனின் பெண்சாதி சுபைறா, தன் மகனுக்காகப் போடியாரின் மகள் நதீராவை இங்கே வந்து பார்ப்பதாக ஏற்பாடு. முன்பு இரண்டு சம்பந்தக்காரர் வீட்டுக்கே வந்து, சாப்பிட்டு, பதில் சொல்லாமல் போய்விட்டார்கள். தெருவே துக்கம் விசாரித்தது. இன்னொரு தடவை அதைத் தாங்க அவரால் முடியாது. அதனால்தான் இந்த உலாத்து. நதீராவிடம்கூட "மலை பார்க்கப் போறம்" என்றுதான் சொல்லியிருந்தார்.

"எங்க வரச் சொல்லி அனுப்பினீங்க?" என்று மனைவி சுஹறா மெதுவாகக் கேட்டாள்.

"சமுத்திரக் கரைக்கு."

கார்க்காரன் கிறகரி தலையைச் சொறிந்தான். "போடியார், இந்தக் குளத்துக்குச் சமுத்திரம் எண்டு பேர் வைச்சது இப்பதானே? அக்கரைப்பற்று ஆக்களுக்குச் சமுத்திரம் எண்டா கடல்."

போடியார் குடையை மடக்கினார். "ஏறுங்க."

அக்கரைப்பற்றுக் கடற்கரையில் வெயில் மட்டுமே இருந்தது.

"பசிக்குது. நெய்ச்சோத்தைத் திற புள்ள," என்றார் போடியார், சுஹறாவின் மடியிலிருந்த சட்டியைப் பார்த்து.

"சுபைறா வராம மூடியில கை வைக்கேலாது."

கரைவலை இழுத்தவர்களில் ஒருவர் சொன்னார்: "இப்பதான் ஒரு கார் வந்து போச்சு. பொம்புளையளும் இருந்தாங்க. கல்லோயா அணைக்கட்டுக்காம்."

"நம்மளத் தேடித்தான் போறாங்க! கிறகரி, திருப்பு!"

வழியில் டயர் வெடித்தது. கிறகரி அதை மாற்றி முடிப்பதற்குள் பின்னேரத் தொழுகையான அஸர் நேரமாகிவிட்டது. அணைக்கட்டில் நின்ற கார் யாரோ ஓர் எஞ்சினியருடையது. அவருடைய மனைவி நதீராவுக்கு இரண்டு பிஸ்கட் கொடுத்தாள்.

"இப்ப அவங்க கடலுக்குத் திரும்பியிருப்பாங்க," என்றாள் சுஹறா.

"வாயைப் பொத்து புள்ள."

ஆனாலும் கடலுக்குத்தான் போனார்கள். கரையில் ஒரு நாய் நின்றது. சுஹறா மூடியைத் திறந்தபோது நெய்ச்சோறு புளித்திருந்தது. நாய்கூட மோந்துவிட்டு விலகிப் போனது.

நதீரா மட்டும் களைக்கவில்லை. பெரிய பிள்ளையான பிறகு வேலியைத் தாண்டாதவள். கல்முனையில் இரவெல்லாம் கடலின் இரைச்சலைக் கேட்டிருக்கிறாள். இன்றைக்கு முன் ஆறு வருடமாகப் பார்த்ததில்லை. அவள் செருப்பைக் கழற்றிவிட்டு அலைக்குள் நின்றாள். கூப்பிட்டும் அவள் திரும்பவில்லை.

வீடு வந்து சேரப் பொழுதுபட்டு மஃரிபும் தாண்டிவிட்டது. போடியார் சாய்மனைக் கதிரையில் விழுந்தார். கடைசியில் மகளைக் கூப்பிட்டார்.

"மகள், உன்னை உலாத்தக் கூட்டிப் போகல்ல. காலிதீன்ட வீட்டுக்காரங்க பொண் பார்க்க வாறதா இருந்திச்சு. வரல்ல. அவங்களும் நம்மள வேணாம் எண்டிட்டாங்க."

நதீரா முந்தானை முடிச்சை அவிழ்த்தாள்.

"வேணாம் எண்டு சொல்லல்ல வாப்பா. நேத்து நீங்க ரெண்டு பேரும் மௌத்து விசாரிக்கப் போயிருக்கக்குள்ள சுபைறா மாமி வந்தா. பார்த்திட்டு, சம்மதம் எண்டு இந்த மோதிரமும் போட்டிட்டுப் போனா. 'இனி அணைக்கட்டுக்கு வரத் தேவையில்ல, வாப்பாட்ட சொல்லு' எண்டா."

போடியார் எழுந்து உட்கார்ந்தார். "அப்ப ஏன் புள்ள சொல்லல்ல?"

"சொன்னா, காரே வேணாம் எண்டிருப்பீங்களே வாப்பா."