நானூறு வாட் உத்தமன்

அண்ணாந்து பார்ப்பவர் என்று ஓர் இனம் நம்மிடையே உண்டு. கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்தால் நீங்களும் நானும் மாப்பிள்ளையைப் பார்ப்போம், பெண்ணைப் பார்ப்போம், பந்தி எந்தப் பக்கம் என்று பார்ப்போம். இவர் கூரையைப் பார்ப்பார். ரயில் நிலையத்தில் வண்டி வருகிறதா என்று எல்லோரும் எட்டிப் பார்த்துக்கொண்டிருக்க, இவர் நடைமேடைக்கு மேலே தொங்கும் விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்து வண்டியை விடுவார். பழைய ஆலைகளிலும் கிடங்குகளிலும் உயரத்தில் தொங்குமே, அண்டாவைக் கவிழ்த்தது போல ஓர் அலுமினியக் கூண்டு, உள்ளே நீளக் கத்தரிக்காய் அளவில் ஒரு பல்பு, அந்த விளக்குதான் இவருக்குக் குலதெய்வம். எல்.இ.டி. வந்த பிறகு ஆலைக்காரர்கள் அதைக் கழற்றிக் காயலான் கடைக்குப் போட்டுவிடுகிறார்கள். இவர் அதைக் காயலான் கடையிலிருந்து பொறுக்கி வந்து, தேய்த்துக் கழுவி, ஒயர் மாற்றி, வீட்டில் மாட்டுகிறார். எதற்கு? அதை மட்டும் அவரிடம் கேட்டுவிடாதீர்கள். கேட்டவர்கள் யாரும் சாப்பாட்டு நேரத்துக்கு வீடு திரும்பியதில்லை.

மாதிரிக்குத் திருவேற்காட்டு உத்தமனை எடுத்துக்கொள்வோம். அம்பத்தூர் எஸ்டேட்டில் பம்பு உதிரிபாகம் செய்யும் சிறிய ஆலை ஒன்றில் கணக்கு எழுதுகிறவர். வீட்டில் ஃபியூஸ் போனால் எலெக்ட்ரீஷியனுக்கு போன் செய்வதோடு அவருக்கும் மின்சாரத்துக்கும் இருந்த உறவு முடிந்துவிடும். ஒரு நாள் ஆலையில் பழைய விளக்குகளை இறக்கினார்கள். தரையில் வந்து உட்கார்ந்த முதல் விளக்கை உத்தமன் சும்மா விரலால் தட்டிப் பார்த்தார். டங்கென்று ஒரு சத்தம். ஆள் காலி. வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தலைக்கு மேலே எரிந்துகொண்டிருந்ததை ஏறிட்டும் பார்க்காத மனிதர், அன்று சாயங்காலம் அதை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் வேனில் வந்தார். பக்கத்தில் உட்கார்ந்திருந்த அம்மாள், "பிரியாணிக்கா நைனா?" என்று கேட்டார். உத்தமன் ஆமாம் என்று சொல்லிவிட்டார். உண்மையைச் சொல்ல அவருக்கே கூச்சமாக இருந்தது.

அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைதோறும் பூந்தமல்லிதான். அங்கே உஸ்மான் கனி என்பவரின் காயலான் கடை இருக்கிறது. இந்த இனத்துக்காரர் காயலான் கடைக்குள் நுழைவதைப் பார்க்க வேண்டும். தேடி வந்த பொருளை நேராகப் பார்க்கவே மாட்டார். முதலில் ஒரு துருப்பிடித்த சைக்கிள் செயின், அப்புறம் ஒரு மிக்ஸி மூடி, அதை முன்னும் பின்னும் திருப்பி, ஒரு பெருமூச்சு விட்டு, கிளம்புகிற மாதிரி நாலு எட்டு வைத்து, போகிற போக்கில் கண்ணில் பட்ட பாவனையில், "அது என்ன பாய், ஏதோ லைட்டா?" என்பார். கடைக்காரர் இந்த நாடகத்தை எத்தனை தடவை பார்த்திருப்பார்?

"போன வாரமும் அதே மிக்ஸி மூடியத்தான் பாத்த சார்," என்றார் உஸ்மான் கனி. "அது எரியாது. இப்பவே சொல்லிட்டேன். அப்பால என்னாண்ட வந்து நிக்காத."

"சோக்தான் போயிருக்கும் பாய்." சோக் என்பது அந்த விளக்கின் தொப்பைக்குள் இருக்கும், செங்கல் கனத்து இரும்புக் கட்டி. "ஒரு ஞாயித்துக்கிழமை உக்காந்தா முடிஞ்சிடும்."

"இன்னிக்கே ஞாயித்துக்கிழமதான். நீ இங்க உக்காந்துகினு கீற."

உத்தமன் சிரித்துக்கொண்டே விளக்கைத் தூக்கிக்கொண்டார். இந்த இனத்துக்கு ரோஷம் கிடையாது, அலுமினியம் உண்டு.

வீட்டில் நடப்பதைக் கேளுங்கள். அலுமினியத்தைப் பளபளப்பாக்கப் புளி வேண்டும். அவர் மனைவி பார்வதம் ரசம் வைக்கப் புளி டப்பாவைத் திறந்தால் கொட்டைதான் இருக்கும். பரணில் விளக்கு, கட்டிலுக்கு அடியில் விளக்கு, குளியலறைச் சுவரோரம் கவிழ்த்து வைத்த விளக்கு. மாடிப்படியில் மகள் மைதிலி கால் வைக்க இடம் தேடித் தேடி, நொண்டியாட்டம் ஆடுகிற பெண் மாதிரிதான் ஏறி இறங்குவாள். கடைசியில் ஒன்று எரியத் தயாராகும். குடும்பமே மொட்டை மாடிக்கு வர வேண்டும். சுவிட்சைப் போட்டால் ஒன்றும் நடக்காது. ஏதோ ஒன்று உர்ரென்று முனகும். பல்புக்குள் ஒரு மங்கல் சிவப்பு தலைகாட்டும். "எரியலியே," என்பார் பார்வதம். "அவசரப்படக் கூடாது. சூடாகணும்," என்பார் உத்தமன். நின்று நின்று கால் கடுத்து பார்வதம் கீழே இறங்கிய பிறகுதான் அது முழு வெளிச்சத்துக்கு வரும். அதற்குள் உத்தமனின் முகம் அதைவிடப் பிரகாசமாகியிருக்கும்.

பக்கத்து வீட்டு அமல்ராஜ் ஒரு நாள் வாசலில் வந்து நின்றார். "சார், ஜன்னல மூடிகினாலும் எங்க ஊட்ல விடிஞ்சிகினே கீது. கொயந்த தூங்க மாட்டேங்குது."

உத்தமன் இதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டார். "நானூறு வாட் சோடியம் சார். பனியக்கூடக் கிழிச்சிக்கினு போவும். இதுல ஒரு விசேஷம் பாருங்க, இந்த வெளிச்சத்துல மஞ்சளத் தவிர வேற கலரே கண்ணுக்குத் தெரியாது," என்று அரைமணி நேரம் விளக்கினார். தன் வாயால் தானே சொன்ன இந்த விசேஷத்தை அவர் நினைவில் வைத்திருந்தால் பின்னால் வந்த வினை வந்திருக்காது. ஆனால் இந்த இனத்துக்காரர்கள் விளக்கைப் பார்ப்பார்களே தவிர, விளக்குக்குக் கீழே என்ன தெரிகிறது என்று குனிந்து பார்த்ததே இல்லை.

மைதிலிக்குக் கல்யாணம் கூடிவந்தது. மாப்பிள்ளை ஜீவா. அவன் அப்பா மோகன் ஆவடி ஃபாக்டரியில் வேலை பார்க்கிறவர், குவார்ட்டர்ஸில் குடியிருப்பு. நிச்சயதார்த்தத்தை வீட்டு மொட்டை மாடியிலேயே சாயங்காலம் வைத்துக்கொள்ளலாம் என்று முடிவாயிற்று. பந்தல்காரர் டியூப் லைட் கட்ட வந்தார். உத்தமன் அவிழ்க்கச் சொல்லிவிட்டார்.

"ரெண்டு டியூப் லைட்டாவது இருக்கட்டுமேங்க," என்று பார்வதம் கெஞ்சினார்.

"நம்ம லைட்டுக்கு முன்னால அதெல்லாம் எதுக்கு?"

"விடும்மா, அப்பா ஆசை," என்றாள் மைதிலி. அவள் அப்படிச் சொன்னது உத்தமனுக்கு அன்று முழுக்க இனித்தது.

இருட்டத் தொடங்கியதும் விளக்கு முனகி, சிவந்து, மெல்லச் சூடேறி, மாடி முழுக்க மஞ்சளைக் கரைத்துக் கொட்டியது. அத்தனை பேர் முகமும் மஞ்சள். சட்டினி மஞ்சள். ஜாங்கிரி மட்டும் ஜாங்கிரியாகவே இருந்தது. மாடிப்படி ஏறி வந்த சம்பந்தி மோகன் எல்லோருக்கும் வணக்கம் சொல்வதற்கு முன்னால் ஒரு கணம் அண்ணாந்து பார்த்தார். பதற்றத்தில் இருந்த உத்தமன் இதைக் கவனிக்கவில்லை. நீங்கள் கவனித்துக்கொள்ளுங்கள்.

தட்டு வந்தது. பூ, பழம், தேங்காய், நடுவில் நிச்சயப் புடவை. அதைப் பெண்ணிடம் கொடுக்க வேண்டும், பெண் உள்ளே போய் உடுத்திக்கொண்டு வந்து சபையில் உட்கார வேண்டும். மோகனின் மனைவி ரேவதி கடையில் கட்டிக்கொடுத்த அட்டைப் பெட்டியை அப்போதுதான் பிரித்தார். பிரித்தவர் கை அப்படியே நின்றது.

புடவை கறுப்பு. கன்னங்கரேலென்ற கறுப்பு.

"நிச்சயத்துக்குக் கறுப்பா?" என்று உத்தமனின் சொந்தக்காரர் கூட்டத்திலிருந்து ஒரு குரல் மெதுவாகக் கேட்டது. மெதுவாகக் கேட்ட குரல்தான் மாடி முழுக்கக் கேட்கும், உங்களுக்குத் தெரியாதா? ரேவதி பெட்டி மூடியைத் திருப்பிக் கடைப் பெயரைப் பார்த்தார். "நான் மயில்கழுத்துதாங்க எடுத்தேன். கடையில மாத்தி வெச்சிட்டாங்க போல கீது," என்று சொல்லும்போதே கண் கலங்கிவிட்டது. ஜீவா தலையைக் குனிந்துகொண்டான். மோகன் தொண்டையைச் செருமி, "அபசகுனமா ஆரம்பிக்க வேணாம் சம்பந்தி. வேற புடவ எடுத்துக்கினு இன்னொரு நாள் வரோம்," என்றார். நின்றுபோன நிச்சயதார்த்தத்தை ஊர் எப்படிப் பேசும் என்று பார்வதத்துக்குத் தெரியும். அவர் மகளைத்தான் பார்த்தார். மைதிலி தன் கை வளையலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அங்கே உட்கார்ந்திருந்த அத்தனை பெண்களின் புடவையும் நிறம் மாறித்தான் கிடந்தது. ஆனால் அடுத்தவர் தட்டில் இருக்கும் புடவையை விட்டுவிட்டுத் தன் புடவையை யார் குனிந்து பார்க்கிறார்கள்?

உத்தமனுக்கு அந்தக் கணமே புரிந்துவிட்டது. அமல்ராஜிடம் அளந்த அரைமணி நேரமும் ஞாபகம் வந்தது. நீலமும் பச்சையும் கலந்த பட்டு இந்த வெளிச்சத்தில் கறுப்பாகாமல் வேறென்ன ஆகும்? ஒரு வார்த்தை சொன்னால் போதும். ஆனால் சொல்லவில்லை. வெட்கக்கேடு, யோசித்தார். பெற்ற பெண்ணின் நிச்சயதார்த்தம் கலைந்துகொண்டிருக்கிறது, இவர் விளக்கின் மானத்தை யோசித்தார். எல்லோரும் கடைக்காரனைத்தானே திட்டுகிறார்கள், திட்டிவிட்டுப் போகட்டுமே, இன்னொரு முகூர்த்தம் பார்த்தால் ஆயிற்று, என்று அவருக்குள்ளே ஒரு குரல் நியாயம் பேசியது. அந்தக் குரலில் அலுமினிய வாசனை அடித்தது. அதே நேரம் மைதிலி நிமிர்ந்தாள். அழவில்லை. விளக்கைத்தான் பார்த்தாள், அப்புறம் அப்பாவைப் பார்த்தாள். அதற்கு மேல் உத்தமனால் தாங்க முடியவில்லை.

"உக்காருங்க சம்பந்தி," என்றார். "புடவ கறுப்பில்ல. என் லைட்டுதான் சரியில்ல."

இந்த இனத்தின் வாயிலிருந்து இப்படி ஒரு வாக்கியம் இதுவரை வந்ததில்லை. பார்வதமே ஒரு கணம் தன் காதை நம்பவில்லை. உத்தமன் நடந்து போய் சுவிட்சை அணைத்தார். மாடி கும்மிருட்டானது. அவிழ்த்துப் போட்ட டியூப் லைட்டுகள் பந்தல்காரரோடு எப்போதோ போய்விட்டிருந்தன. இருட்டில் யாரோ செல்போன் டார்ச்சைப் போட்டார்கள். இன்னொருவர் போட்டார். பெட்டிக்குள் மயில்கழுத்துப் பட்டு, மயிலே வந்து உட்கார்ந்த மாதிரி மின்னியது. ரேவதி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, சிரிப்பும் அழுகையுமாக மைதிலியின் கையில் கொடுத்தார்.

புடவை மாற்றிக்கொண்டு வந்த பெண்ணைச் சுற்றி செல்போன் டார்ச்சுகள் நின்றன. அவள் முகத்தை உத்தமன் பார்த்தார். மஞ்சள் இல்லாத, அவளுடைய சொந்த நிறத்து முகம். இந்த முகத்தை இத்தனை நாள் எந்த வெளிச்சத்தில் பார்த்துக்கொண்டிருந்தோம் என்று நினைத்துக்கொண்டார். தட்டு மாற்றிக்கொண்டார்கள். நிச்சயம் நடந்தது.

"சரி, பந்தி போடணும். இப்ப லைட்ட போடுங்க," என்றார் மோகன்.

உத்தமன் தலையைச் சொறிந்தார். "அது உடனே எரியாது சம்பந்தி. சூட்டுல அணைச்சிட்டோமா, ஆறினாத்தான் திரும்பப் பத்தும். பத்தினாலும்..."

"அவசரப்படக் கூடாது. சூடாகணும்," என்று பார்வதம் முடித்து வைத்தார். இருட்டில் எழுந்த சிரிப்பு அமல்ராஜ் வீட்டுக் குழந்தையை மறுபடி எழுப்பிவிட்டது. டார்ச் வெளிச்சத்தில் சாப்பிட்டவர்களில் பாதிப் பேருக்கு எது பாயசம், எது மோர்க்குழம்பு என்று தெரியவில்லை. ஆனால் யாரும் குறை சொல்லவில்லை.

திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? அடுத்த ஞாயிற்றுக்கிழமை உத்தமன் அந்த சோடியம் விளக்கைத் தூக்கிக்கொண்டு உஸ்மான் கனியின் கடைக்குத்தான் போனார். திருப்பிக் கொடுத்தார். நெஞ்சைத் தொட்டுச் சொல்ல வேண்டுமானால், அப்போது அவருக்கு நிஜமாகவே தலைமுழுகும் எண்ணம்தான். "சோடியத்துல கலர் தெரியாது சார். மெட்டல் ஹாலைடுன்னு ஒண்ணு வந்து கீது. அதுல மயில்கழுத்து மயில்கழுத்தாவே தெரியும்," என்றார் உஸ்மான் கனி, ஒரு மிக்ஸி மூடியை அவர் பக்கமாகத் தள்ளி வைத்தபடி. உத்தமன் கூட வந்திருந்தவரைத் திரும்பிப் பார்த்தார். கூட வந்தவர் சம்பந்தி மோகன். கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுத்துவிட்டு வருகிறோம் என்று இரண்டு வீட்டிலும் சொல்லிவிட்டு வந்திருந்தார்கள்.

"எனக்கும் ஒண்ணு," என்றார் மோகன், கூரையைப் பார்த்தபடி. "சோக்குகூட வீட்ல இருக்கு. பீரோவுக்குப் பின்னால. ரேவதிக்குத் தெரியாது."

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். விளக்கு இல்லாவிட்டால் என்ன, உங்கள் வீட்டுப் பரணில் ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் முடிந்துவிடும் என்று காத்திருப்பது என்ன? பழைய ரேடியோவா, ஓடாத ஃபேனா? இதைப் படித்துக்கொண்டிருக்கும்போது ஒரு தடவையாவது தலையைத் தூக்கி, உங்கள் தலைக்கு மேலே எரிவது என்ன விளக்கு என்று பார்த்தீர்களா? பார்த்திருந்தால் இனி சொல்வதற்கு ஒன்றும் இல்லை. பூந்தமல்லியில் உஸ்மான் கனியின் கடை ஞாயிற்றுக்கிழமையும் திறந்திருக்கும், போய்ப் பாருங்கள். கதவுக்கு இடது பக்கம் ஒரு விளக்கைக் கவிழ்த்து, சாக்கு போட்டு மூடி வைத்திருப்பார். அதை மட்டும் கேட்காதீர்கள். அது நான் சொல்லி வைத்தது.