அழுத துரையும் ஆற்றுப் பாலமும்

நாகரிகங்கள் எல்லாம் ஆற்றங்கரையில்தான் பிறந்தன என்று படித்தவர்கள் சொல்வார்கள். எங்கள் ஆற்றங்கரையில் அது போன சித்திரை மாதம், பொது மண்டபத்தில், வடையும் தேநீரும் முடிந்த பிறகு பிறந்தது. கிளிநொச்சிக்குத் தெற்கே கிடக்கும் எங்கள் சின்னப் பட்டினத்தில் "ஆங்கிலேயர் கால ஆற்றங்கரை மரபு நடை" நடத்துவதென்று அன்று ஏகமனதாகத் தீர்மானிக்கப்பட்டது. வெளிநாட்டிலிருந்து வரும் எங்கள் பிள்ளைகளும் கொழும்பிலிருந்து வரும் கனவான்களும் கரையோரமாக நடந்து, வெள்ளைக்காரன் விட்டுப்போன சின்னங்களைக் கண்டு பெருமூச்சு விட்டு, மத்தியானம் கோழிக்கறியோடு சாப்பிடவேண்டும். ஒரேயொரு சிறு குறைதான். வெள்ளைக்காரன் எங்கள் ஊரில் எதையும் விட்டுப்போகவில்லை.

இப்படியான சில்லறைக் காரணங்களுக்காக வரலாறு நின்றுவிடக் கூடாது. மரபுக் குழுத் தலைவர் தவராசா மாஸ்டர், ஓய்வுபெற்ற அதிபர், எனக்கு ஆளனுப்பினார்.

"வடிவம்மாக்கா, கதை சொல்ல ஊரிலை உங்களை விட்டால் ஆள் இல்லை. வெள்ளைக்காரரையும் கண்டிருப்பியள்."

"மாஸ்டர், அவங்கள் போய்ப் பத்து வருசத்துக்குப் பிறகுதான் நான் பிறந்தனான்."

"அதை ஆருக்கும் சொல்லாதேங்கோ. உங்கட நரை நூறு வயசு சொல்லும்."

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு, இரவல் புத்தகங்களில் எழுத்துக்கூட்டி வளர்ந்தவள் நான். எனக்கு "மரபு உரைஞர்" என்ற பதவியும், கழுத்தில் தொங்கவிட ஓர் அட்டையும் கிடைத்தன. குளிக்கும்போது மட்டும் அதைக் கழற்றினேன்.

முதற் சின்னம், ஆடுகள் முதுகு தேய்க்கும் ஒரு கல். அதை மைல்கல் ஆக்கினோம். இரண்டாவது ஒரு மருதமரம். அதன் கீழே துரை "இளைப்பாறியிருக்கக்கூடும்". இளைப்பாறவில்லை என்பதற்கு எவரிடமும் ஆதாரம் இல்லை. மூன்றாவதுதான் எங்கள் மகுடம்: ஆற்றின் நடுவே நிற்கும், உடைந்த பாலத்தின் இரண்டு தூண்கள்.

அந்தப் பாலத்தைக் கட்டியது ஊர்ச்சனம். கூலியில்லாத சிரமதானம். ஐயாவும் மற்ற ஆண்களும் கல் சுமந்தார்கள். அம்மா கஞ்சி காய்ச்சினா. சின்னப்பிள்ளையாக இருந்த நான் சிரட்டையில் ஊற்றிக் கொடுத்தேன். இதை மாஸ்டரிடம் மெல்லச் சொல்லியும் பார்த்தேன்.

"எங்கட ஆக்கள் கட்டினது எண்டால் அது இடிபாடு, அக்கா," என்றார் அவர். "வெள்ளைக்காரன் கட்டினது எண்டால்தான் மரபு."

"அப்ப பாலம் எப்பிடி உடைஞ்சது எண்டு கேட்டால்?"

"முதுமை."

"மாஸ்டர், குண்டு விழுந்ததெல்லோ..."

"முதுமை எண்டு சொல்லுங்கோ. வயசு போனால் எல்லாரும் உடையிறதுதானே."

ஆழ்ந்த ஆராய்ச்சியின் முன்னால் நான் என்ன செய்வது?

முதல் நடையன்று ஒரு வசனத்தோடு நிறுத்தத்தான் நினைத்திருந்தேன். ஆனால் முகங்களைக் கண்டால் எனக்கு வாய் நிற்காது. லண்டனிலிருந்து வந்த பிள்ளைகள் வெயிலில் வாடிப்போய் நின்றார்கள். பாவமாக இருந்தது. அவர்களுக்கு ஒரு துரையைக் கொடுத்தேன். துரை மட்டும் போதாதென்று ஒரு குதிரையும் கொடுத்தேன். மாரிமழையில் ஓர் ஏழைத்தாய் ஆற்றைக் கடக்க வழியில்லாமல் நின்றதைக் கண்டு துரை குதிரையை விட்டு இறங்கி அழுதார். அழுத கண்ணீர் காயமுதலே பாலத்துக்கு அத்திவாரம் போட்டார். ஒரு பெண்பிள்ளை கண்ணைத் துடைத்தது. எனக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். ஒலிபெருக்கி வைத்திருந்தபடியால் துரை அழுதது அக்கரைக்கும் கேட்டது.

அடுத்த கிழமை தூணருகே ஒரு பலகை முளைத்தது: "பாதுகாக்கப்பட்ட ஆங்கிலேயர் காலச் சின்னம். தொடாதீர்." அந்த இடத்தில்தான், தூண்களை இடித்துவிட்டுப் புதுப்பாலம் போடுவதாக இருந்தது. கல்லும் மண்ணும் கூட லொறியில் கொண்டுவந்து பறித்திருந்தார்கள். சின்னத்தைத் தொட முடியாதபடியால் வேலை நின்றது. கல்லும் மண்ணும் வந்த லொறியிலேயே திரும்பிப் போயின.

அக்கரைச் சிவலட்சுமி சுற்றுப்பாதையால் நடந்து என் வீட்டுக்கு வந்தாள். கலவரத்துக்குத் தப்பி மலைநாட்டிலிருந்து வந்து, அக்கரையில் காடு வெட்டி வயலாக்கிய குடும்பம்.

"ஒங்க தொரை அழுதாராமே, அக்கா."

"அது சும்மா கதைதானே, சிவலட்சுமி."

"எங்க தாத்தா தேயிலத் தோட்டத்துல வேல செஞ்சவரு. அவரு பார்த்த தொரைங்க எல்லாம் மத்தவங்களத்தான் அழ வச்சாங்க. ஒங்க ஊருக்கு அழுற தொரை வந்திருக்காரு, குடுத்து வச்ச ஊரு. அவருகிட்டயே சொல்லி, மழைக்கு முன்னுக்கு ஒரு பாலம் போட்டுத் தரச் சொல்லுங்க. எங்க சுமித்திராவுக்குக் கார்த்திகையில நாளு."

சுமித்திரா அவளுடைய மருமகள். தலைப்பிள்ளைப் பேறு; ஆசுப்பத்திரியோ இக்கரையில்.

"இப்ப வந்த பாதையாலை கொண்டு வரேலாதோ?"

"கொளம் நெரம்பி வான் பாஞ்சா அந்தப் பாதையே தண்ணிக்குள்ள, அக்கா. தெரியாத மாதிரிக் கேக்குறீங்க."

நான் கேட்டபடியால் குழு அவசரமாகக் கூடியது. எழுந்து நின்று உண்மையைச் சொன்னேன். துரை இல்லை, குதிரை இல்லை, கஞ்சிதான் இருந்தது என்றேன். பொருளாளர் அப்புத்துரை கதிரையில் சாய்ந்து சிரித்தார்.

"எங்கட ஆக்கள் கட்டின தூண் இவ்வளவு காலம் நிக்குமோ, அக்கா?"

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பண்பானவர்.

"அக்கா, நீங்கள் சொன்னதைப் படம்பிடிச்சு கனடா வரைக்கும் பார்த்தாச்சு. இப்ப மாத்திச் சொன்னால் நீங்கள் பொய்க்காரி எண்டு ஆகிப்போகும். உங்கட மரியாதையைக் காப்பாத்த வேண்டியது குழுவின்ர கடமை."

என் மரியாதை ஏகமனதாகக் காப்பாற்றப்பட்டது. நான் உட்கார்ந்து தேநீரைக் குடித்தேன். தேநீரில் அன்று இஞ்சியும் போட்டிருந்தார்கள்.

கார்த்திகையில் குளம் வான் பாய்ந்தது. குழுவும் சளைக்காமல் "மழைக்கால விசேட நடை" அறிவித்தது. குடைகளோடு தூணுக்கு எதிரே நின்றோம். துரையை அழவைத்து முடித்திருந்தேன். கொழும்புக் கனவான் ஒருவர் கேட்டார்:

"துரை பாலம் கட்ட முந்தி, சனங்கள் எப்பிடி ஆறு கடந்தவை, அம்மா?"

நான் வாய் திறக்கும் முன்னமே அக்கரையிலிருந்து விடை புறப்பட்டது. உழவு இயந்திரத்தின் பெரிய டியூப் ஒன்றில் பலகை கட்டி, அதன்மேல் சுமித்திராவைக் கிடத்தியிருந்தார்கள். நெஞ்சளவு தண்ணீரில் நான்கு ஆண்கள் தள்ளிவந்தார்கள். சிவலட்சுமி மருமகளின் கையைப் பிடித்தபடி கழுத்தளவில் வந்தாள். தூணுக்குக் கிட்ட டியூப் ஒருமுறை சுழன்றது. சுமித்திரா கத்தினாள். எங்கள் பக்கத்தில் எல்லோரும் தொலைபேசியை உயர்த்திப் பிடித்தார்கள்.

கரைசேர்ந்ததும் கைதட்டினார்கள்.

"என்ன தத்ரூபம்," என்றார் கனவான். "இதுவும் உங்கட நிகழ்ச்சியிலை ஒண்டோ?"

மாஸ்டர் என்னைப் பார்த்தார். சுமித்திராவை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டிருந்த சிவலட்சுமியும் ஈரச்சேலையோடு திரும்பிப் பார்த்தாள்.

"சொல்லுங்க அக்கா," என்றாள். "ஆளுங்க கேக்குறாங்கல்ல."

"ஓம்," என்றேன் நான். "நிகழ்ச்சிதான்."

பிள்ளை ஓட்டோவிலேயே பிறந்தது. தாயும் பிள்ளையும் சுகம். அதற்கு மரபுக் குழு எந்த வகையிலும் பொறுப்பல்ல.

என்னைக் குறைவாக எண்ணாதேங்கோ, என் பிள்ளைகளே. வெள்ளைக்காரன் ஆண்ட காலத்தில் இந்த ஆற்றுக்குப் பாலம் இல்லை. இன்றைக்கும் இல்லை. அவனுடைய காலத்தை இவ்வளவு பழுதில்லாமல் பாதுகாத்துத் தந்தவள், இந்த வன்னியில் நான் ஒருத்திதான்.