தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழோடு நின்றவர்

தண்ணீர் லாரி வந்ததும் தொட்டியை எட்டிப் பார்க்காமல் நம்பர் பிளேட்டைப் பார்த்த மனிதர், உலகத்திலேயே எங்கள் வகுத்தல் சார் ஒருவர்தான். மேடவாக்கத்தில் எதிர் ஃபிளாட். சிறுசேரியில் சாஃப்ட்வேர் வேலை. ஓர் எண்ணை மீதமில்லாமல் வகுக்கிற எண்களெல்லாம் அதற்குச் சொந்தபந்தம் என்பது அவர் சித்தாந்தம்.

"உன் வண்டி நம்பர் ஆறாயிரத்து ஆறு. ரெண்டு, மூணு, ஏழு, பதினொண்ணு, பதிமூணு, எல்லாத்தாலயும் வகுபடுது. பெரிய குடும்பம்பா உனக்கு!"

"இன்னா சார் பேஜாரு, வூட்ல டெய்லி சண்டை" என்றார் டிரைவர்.

"சண்டை போட ஆள் இருக்குல்ல?"

டிரைவர் தன் நம்பர் பிளேட்டைக் குனிந்து பார்க்க, தொட்டி வழிந்தது.

என் மனைவியின் செல் நம்பர் ஐந்தில் முடிந்து சட்டென்று வகுபடுவதால் அவளைச் சமாளிப்பது ரொம்ப ஈஸி என்றும் ஒருநாள் சொல்லிவிட்டார். கொஞ்ச நாள் அவருக்கு எங்கள் வீட்டில் காபி கிடைக்கவில்லை. ஆனாலும் மனசு கேட்காமல், தாம்பரத்தில் டீச்சராக இருக்கும் தன் தோழியைக் கல்யாணமாகாத அவருக்குப் பார்க்கலாம் என்று அவளேதான் பேச்செடுத்தாள்.

மனிதர் கழுத்தில் தொங்கிய கம்பெனி அட்டையைத் தூக்கிக் காட்டினார். 1022117.

"பகா எண்ணும்மா. ஒண்ணும் அதுவும்தான், வேற எதாலயும் வகுபடாது. எனக்கு யாரும் கிடையாதுன்னு நம்பர்லயே இருக்கு. அந்தப் பொண்ணு பாவம்."

"கம்ப்யூட்டர்ல பாத்தீங்களா சார்?" என்றேன்.

"அது எண்ணுக்குச் செய்யற அவமரியாதை. கையாலயே தொள்ளாயிரத்துத் தொண்ணூத்தேழு வரைக்கும் வகுத்தாச்சு. மூணு இலக்கத்துல ஒருத்தரும் ஒத்து வரல. இனிமே யார் வரப்போறா?"

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எங்களுக்குத்தான் சிரிப்பு வரவில்லை. அந்த டீச்சருக்கு வேறு இடத்தில் கல்யாணம் ஆகிவிட்டது.

போன மழைக்காலத்தில், கம்பெனி பஸ்ஸில் தூங்கினாற்போலவே போய்விட்டார். ஆஸ்பத்திரி பிணவறை வாசலில் நான் மட்டும் உட்கார்ந்திருந்தேன். அவருடைய அட்டை என் கையில் இருந்தது. சும்மா இருக்க முடியாமல் செல்போன் கால்குலேட்டரைத் திறந்தேன்.

ஓர் எண் பகா எண்ணா என்று அறிய அதன் வர்க்கமூலம் வரை, இந்த எண்ணுக்கு ஆயிரத்துப் பத்து வரை, பார்த்தால் போதும். தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றேழுக்குப் பிறகு அதற்குள் வருகிற பகா எண் ஒன்றே ஒன்றுதான். ஆயிரத்து ஒன்பது. வகுத்தேன். மீதமே இல்லை. ஆயிரத்துப் பதிமூன்று என்று விடை வந்தது.

மறுபடியும் போட்டுப் பார்த்தேன். அதேதான். பாவி மனுஷன், இன்னும் ஒரே ஒரு தடவை வகுத்துப் பார்த்திருக்கக் கூடாதா! எனக்கு அழுகையும் கோபமும் சேர்ந்தே வந்தன.

உள்ளேயிருந்து ஊழியர் ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"இவருக்குச் சொந்தக்காரங்க யார்னா கீறாங்களா சார்?"

"இருக்கேன். நான் அவர் தம்பி" என்று எழுந்து போனேன்.