மரியாதையைக் கண்டுபிடித்த தலைவர்

மனித குலத்துக்கு மரியாதையைக் கற்பித்தவர்கள் வரிசையில், எங்கள் போர்ட்லாந்து வட்டார டோமினோச் சங்கத் தலைவர் எக்பர்ட் ஹில்டனுக்கு முதல் நாற்காலி போட வேண்டும். சங்கத்தில் அதில்தான் அமர்ந்திருக்கிறார். எழுந்ததை எவரும் கண்டதில்லை.

ஜமைக்காவில் டோமினோ ஆடுபவர் காயை வைப்பதில்லை, மேசைமேல் அறைவார். தலைவர் அறைந்தால் மேசையோடு எதிராளியின் மானமும் அதிரும். "போடா, போய் உங்கம்மா காய்ச்சின கஞ்சியக் குடி" என்பதே தோற்றவர்களுக்கு ஆண்டுதோறும் அவர் வழங்கிவந்த "ஆறுதல்".

இவ்வாண்டு இறுதிப் போட்டியில் தலைவரின் எதிராளி, மீன் விற்கும் அயோனி என்ற பெண்மணி. வெல்பவருக்குக் கோப்பையும், மான்டிகோ பே நகரில் நடக்கும் தீவுப் போட்டியில் இடமும் உண்டு. அந்த மேசையில் ஒருமுறை அமர்வது அயோனியின் வெகுநாள் கனவு. தொடர்ந்து ஐந்து ஆட்டங்களை வென்றுவிட்டார். இன்னும் ஒன்று வென்றால் தலைவருக்கு ஆறுக்குச் சுழியத் தோல்வி. எங்கள் தீவில் சிறை சென்று மீண்டவன் தலைநிமிர்ந்து நடக்கலாம். ஆறுக்குச் சுழியம் வாங்கியவன் ரொட்டிக் கடைக்கும் ஆள்தான் அனுப்ப வேண்டும்.

அப்புனித வேளையில் தலைவருக்கு ஞானம் பிறந்தது. ஆட்டத்தை நிறுத்தி, அதே மேசையில் அவசரக் கூட்டம் கூட்டினார்.

"காய அறையுறது காட்டுமிராண்டித்தனம். கேலி பேசுறது அதவிட மோசம். இனிமே எதிராளிய மதிச்சு மெதுவா வைக்கணும். மீறினா கோப்பை கிடையாது."

தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது.

"சரிங்க தலைவரே," என்றார் அயோனி. "இத்தன வருசமா இந்தப் பாடத்த எங்க வெச்சிருந்தீங்க?"

"ஜெயிக்கிறவனுக்குப் பாடம் நடத்த நேரம் ஏதும்மா?"

ஆட்டம் தொடர்ந்தது. அயோனி தம் கடைசிக் காயை, தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல் வைத்தார். வென்றார். "ரொம்ப நல்லா ஆடினீங்க தலைவரே" என்று கைகுலுக்கினார். கூடியிருந்தோர் கேலி செய்யவில்லை. விதிப்படி வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்கள்.

மீண்டும் அவசரக் கூட்டம்.

"இவ்வளவு மெதுவா வெச்சா அது கேலி இல்லாம வேறென்ன?"

"அப்ப எப்படித்தான் வைக்கணும்?"

"வைக்காமலே இருந்திருக்கலாமே, மிஸ் அயோனி. அதுதான் மரியாதை."

கோப்பையும் தீவுப் போட்டி இடமும் தலைவரிடமே தங்கின. அயோனிக்குப் "பண்பின் செல்வி" என்ற பட்டமும் ஒரு மாலையும் கிடைத்தன. மாலையோடு பேருந்து நிலையம் வந்து, தலைவரை மான்டிகோ பே நகருக்கு வழியனுப்பினார்.

"அங்க அறைவீங்களா, மெதுவா வைப்பீங்களா?"

"அது யாரு ஜெயிக்கிறாங்கன்னு பாத்துத்தான் முடிவு பண்ணணும்."

அன்று முதல் எங்கள் மேசைகளில் பேரமைதி நிலவுகிறது. அந்த அமைதியில் ஒரு கோப்பையைத் திருடினாலும் ஓசை எழுவதில்லை.