ஆளுக்கொரு திருகு

எல்லோரையும் ஒரே நேரத்தில் திருப்திப்படுத்தலாம் என்று நம்புகிறவன் ஒன்று தேர்தலில் நிற்க வேண்டும், இல்லையேல் என்னைப் போல அக்காவின் காளான் கொட்டகைக்குக் கருவி மாட்டப் போக வேண்டும். எதையும் நாள், கிழமையோடு குறித்து வைக்கிறவன் நான். இதை மட்டும் "ஏதோ ஒரு தவக்காலத்தில்" என்று மழுப்பி வந்தேன். இல்லை, அது மார்ச் பத்தொன்பது, சூசையப்பர் திருநாள்.

சின்னாளபட்டிப் பக்கம், கோயில் மைதானத்தை ஒட்டி அக்காவின் கொட்டகை. தவக்காலம் என்பதால் திருநாள் அசனத்தில் (ஊருக்கே போடும் பொதுச் சாப்பாடு) கறி கிடையாது. "இந்த வருசம் காளான் பிரியாணி. காளான் என் பொறுப்பு" என்று கோயில் கூட்டத்தில் அக்கா வாக்குக் கொடுத்துவிட்டாள். ஊர் முன்னால் அவள் எழுந்து பேசிய முதல் தடவை அது.

நான் அப்போதுதான் பொறியியல் முடித்திருந்தேன்.

"ஈரம் குறையக் கூடாதுலே. காளான் காஞ்சா எம்மானம் போச்சு" என்றாள் அக்கா.

"காத்தோட்டம்தான் முக்கியம் மாப்ள" என்றார் மச்சான்.

யார் சொல்வது முதலில் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்டால் புருஷன் பெண்டாட்டிக்குள் சண்டை வரும் என்று ஆளுக்கொரு திருகு வைத்துக் கொடுத்தேன்: அக்காவுக்கு ஈரத்தைக் கூட்டிக் குறைக்க, மச்சானுக்குக் காற்றை. ஈரம் குறைந்தால் ஃபாகர் பனி போலத் தண்ணீரைத் தூவும். காற்று கெட்டால் பெரிய ஃபேன் வெளியே தள்ளும். தொட்டி இறங்கினால் மோட்டார் தானே ஓடும். தனித்தனியாகச் சோதித்தேன், அம்புட்டும் அருமை. (சேர்த்து ஓட்டிப் பார்க்கவில்லை. என் மதிப்பெண்ணெல்லாம் எழுத்துத் தேர்வில் வாங்கியது.)

திருநாள் காலையில் ஃபேன் ஈரத்தை வெளியே தள்ளியது. "காயுதே!" என்று அக்கா தன் திருகைக் கூட்டினாள். "மூச்சு முட்டுதே!" என்று மச்சான் தன் திருகைக் கூட்டினார். இருவரிடமும் "சரி" என்றேன். தொட்டி வற்ற வற்ற மோட்டார் விசுவாசமாக நிரப்பியது.

வெளியே சமையல்கார சவரிமுத்து அண்ணன் கத்தினார்: "ஏலே இஞ்சினியரு! கொடைக்கானல யாருலே இங்க எறக்குனது?"

ஓடிப்போய்ப் பார்த்தால், ஃபேன் தள்ளிய பனி முழுக்க அசனத்துக்கு அடுக்கிய விறகின் மேல். பத்த வைத்தால் புகைதான் வந்தது. உள்ளே ஃபேன் பக்கத்துக் காளான் காய்ந்து அப்பளம், ஃபாகர் பக்கத்துக் காளான் கொழகொழ. நடுவில் ஒரு கூடை மட்டும் தேறியது. கோயிலில் பூசை தொடங்கிவிட்டது.

விடுவதாக இல்லை. இரண்டு திருகுகளையும் பிடுங்கினேன்.

"அக்கா, எது முதல்ல வேணும்? ஒண்ணு சொல்லு."

"மானம்தாம்லே முதல்ல வேணும்!"

நனைந்த விறகுக்குப் பதிலாக எரிக்கத் தென்னை மட்டை அள்ள மச்சான் பக்கத்துத் தோப்புக்கு ஓடினார். நான் ஒயரை மாற்றினேன்: காற்றுக்கு முதலிடம், ஃபேன் நின்று அடங்கிய பிறகே தண்ணீர். சில நாள் கழித்து முளைத்த காளான்கள் குடைகுடையாக வந்தன. ஆனால் அசனம் அன்றைக்குத்தானே! சவரிமுத்து அண்ணன் அண்டாவில் உருளைக்கிழங்கைக் கொட்டி, அந்த ஒரு கூடையை மேலே தூவினார்.

அக்கா தலை நிமிராமல் பந்தி பரிமாறினாள். திடீரென்று ஒரு பெரியவர் இலையிலிருந்து கையைத் தூக்கினார்.

"எனக்கு ஒண்ணு வந்துருக்கு!"

"எனக்கும்! சூசையப்பர் எனக்கும் குடுத்துட்டாரு!"

பந்தி முழுக்கக் காளான் வேட்டை. அக்காவும் சிரித்துவிட்டாள்.

இப்போது அவள் கொட்டகையில் காளானுக்குக் குறைவே இல்லை. ஆனாலும் அசனத்துக்கு ஊர் கேட்பது உருளைக்கிழங்கு பிரியாணி, அதில் ஒரே ஒரு கூடை காளான். கிடைத்தவர் எழுந்து நின்று "இஞ்சினியர் வாழ்க!" என்று கத்த வேண்டும், அதுதான் முறை.

எனக்கு இதுவரை ஒன்றுகூட விழவில்லை. பரிமாறுகிறவள் அக்கா.